எழுத்தும் படமும் ஒரே கையில் இருந்தால் ஒன்று மற்றொன்றைக் கெடுக்குமா?

பத்து ஆண்டுகளாகப் படம் வரைவதாகவும், இரண்டு ஆண்டுகளாகச் சிறுகதையும் எழுதுவதாகவும், எழுதும் வாரத்தில் படம் வற்றிப்போவதாகவும், படம் கைகூடும் வாரத்தில் ஒரு வாக்கியமும் வருவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கடைசியில், ‘கண்ணை மூடினால் எனக்கு எந்தக் காட்சியும் தெளிவாகத் தெரிவதில்லை, இரண்டில் ஒன்றை விட்டுவிடலாமா’ என்று கேட்டிருக்கிறீர்கள். எதை விடுவது என்பது உங்கள் உண்மையான கேள்வி என்று எனக்குத் தோன்றவில்லை. சொல் படத்தைக் கெடுக்கிறதா என்பது உங்கள் முதல் ஐயம். மனத்தில் படம் தெரியாத நான் ஓவியர்தானா என்பது அதற்கு அடியில் ஒளிந்திருக்கும் அச்சம். இரண்டுக்கும் பதில் சொல்ல முயல்கிறேன். சென்னை ஓவியக் கல்லூரியில் ஐந்து ஆண்டுகள் படித்து, அதன் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் வார, மாத இதழ்களில் கதைகளுக்குப் படம் போட்டவன் நான். பத்துப் பன்னிரண்டு கதைகளும் எழுதியிருக்கிறேன், அவற்றில் நான்கைத் தவிர மற்றவற்றை மறந்துவிடலாம். உளவியலையோ நரம்பியலையோ முறையாகப் படித்தவன் அல்லன் என்பதால், அந்தப் பக்கம் போகும்போது மட்டும் என் சொல்லைச் சற்றுக் குறைத்தே எடை போடுங்கள்.

முதலில் ஒரு பழைய செய்தி. எழுத்தையும் ஓவியத்தையும் இரண்டு தனித் தொழில்களாகப் பிரித்துப் பேசுவது தமிழுக்கு இயல்பானதே அன்று. நம் பழைய நூல்களில் ஓவியத்தையும் ‘எழுதுவது’ என்றே சொன்னார்கள். கண்ணுக்கு மை தீட்டுவதும் எழுதுவதுதான், தோளில் தொய்யில் என்னும் கோலம் இடுவதும் எழுதுவதுதான். பரிபாடலின் பத்தொன்பதாம் பாடலில் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபம் ஒன்று வருகிறது. அதற்குப் பெயரே ‘எழுத்துநிலை மண்டபம்’. ஒரே வினைச்சொல் இரண்டு வேலைகளுக்கும் போதுமாக இருந்தது என்பதிலிருந்து அக்காலத்தவர் இரண்டையும் ஒன்றாகவே உணர்ந்தார்கள் என்று முடிவு கட்டுவது மிகையாகிவிடும். ஒரு சொல்லின் வரலாற்றிலிருந்து ஒரு சமூகத்தின் மனத்தை அளந்துவிட முடியாது. ஆனால் அந்தப் பாடலில் இன்னொன்றும் இருக்கிறது. மண்டபத்துக்கு வந்தவர்கள் சுவரைப் பார்த்து ‘இவள் யார், இவன் யார்’ என்று கேட்கிறார்கள். அருகில் நிற்பவர்கள் இவள் இரதி, இவன் காமன் என்றும், பூனை வடிவில் இருப்பவன் இந்திரன், இவள் அகலிகை, இவன் கவுதமன் என்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள். படத்தின் முன் நின்றவுடன் மனிதர் முதலில் செய்வது பெயர் கேட்பது. உங்கள் சிக்கலின் வேர் அங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

என் மாணவப் பருவத்தில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். எங்கள் கல்லூரி பெரியமேட்டில், சென்ட்ரல் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. விடியற்காலையில் நிலையத்துக்குப் போய், உட்கார்ந்திருப்பவர்களையும் உறங்குபவர்களையும் வரைந்து வருவது எங்களுக்கு எழுதப்படாத பாடம். ஒருநாள் நான் ஒரு போர்ட்டரை வரைந்து எடுத்துச் சென்றேன்: சிவப்புச் சட்டை, தலையில் சும்மாடு, கையில் பித்தளை வில்லை, எல்லாம் இருந்தன. ஆசிரியர் பார்த்துவிட்டு, ‘இது போர்ட்டர், சரி. நீ பார்த்த ஆள் எங்கே?’ என்று கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. மறுநாள் அதே மனிதரைத் தேடிப் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவருடைய இடது தோள் வலது தோளைவிட இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்தது. பல ஆண்டுகள் ஒரே பக்கம் சுமந்த தோள் அது. முதல் நாள் அது என் கண்ணில் படாமல் போனதற்குக் காரணம், பார்க்கத் தொடங்கிய நொடியிலேயே ‘போர்ட்டர்’ என்ற சொல் எனக்குள் வந்து உட்கார்ந்துகொண்டதுதான். அதன் பிறகு என் கை அந்த மனிதரை வரையவில்லை, அந்தச் சொல்லுக்கு என்னிடம் ஏற்கெனவே இருந்த பொம்மையை வரைந்தது.

ஆகவே என் அனுபவத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது இது: படத்தைக் கெடுப்பது எழுத்து அன்று, முந்திக்கொண்டு வரும் பெயர். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. எல்லாச் சொல்லும் இப்படிச் செய்வதில்லை. நான் ரஃப், அதாவது முதல் வரைவு, போடும்போது காகிதத்தின் ஓரத்தில் எப்போதும் ஏதாவது எழுதிக்கொண்டேதான் இருப்பேன். ‘வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து’, ‘முழங்கை இடுப்புக்கு மேலே’, ‘இவளைவிட அவன் அரைத்தலை குட்டை’, ‘இந்தச் சாய்வு போதாது’ என்பவை போன்ற குறிப்புகள் அவை. இவை எதுவும் படத்தைக் கொன்றதில்லை, மாறாக மறுபடி பார்க்கச் செய்திருக்கின்றன. மூக்கு, கண், கிழவி, போர்ட்டர், சோகம் என்று முடிந்த பொருளாக வரும் சொற்கள் பார்வையை நிறுத்திவிடுகின்றன. மேலே, கீழே, அதைவிட, இதற்குள் என்று ஒன்றை இன்னொன்றோடு வைத்து அளக்கும் சொற்கள் பார்வையை நீட்டிக்கின்றன. கதை எழுதுவோருக்கும் இது பொருந்தும் என்பதை நான் மிகத் தாமதமாகவே அறிந்தேன். ‘அவள் சோகமாக இருந்தாள்’ என்று எழுதிய பிறகு எழுதுவதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை.

இந்த அனுபவத்துக்கு ஆய்வு ஏதாவது துணை நிற்கிறதா என்றால், ஓரளவு நிற்கிறது. 1990-இல் அமெரிக்க உளவியலாளர் ஜொனாதன் ஸ்கூலரும் டோன்யா எங்ஸ்லர்-ஸ்கூலரும் வெளியிட்ட சோதனையில், ஒரு கொள்ளைக் காட்சியைப் பார்த்தவர்களில் கொள்ளையனின் முகத்தைச் சொற்களால் விவரித்தவர்கள், விவரிக்காதவர்களைவிடக் குறைவாகவே அந்த முகத்தைப் பின்னர் அடையாளம் கண்டார்கள். 2014-இல் பல ஆய்வகங்கள் சேர்ந்து இதைத் திரும்பச் செய்து பார்த்தபோது விளைவு இருப்பது தெரிந்தது. ஆனால் எப்போது விவரிக்கிறோம் என்பதைப் பொறுத்து அது கூடியும் குறைந்தும் வந்தது. இதைக் கொண்டு ‘எழுதினால் ஓவியம் கெடும் என்று அறிவியல் சொல்லிவிட்டது’ என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். அந்தச் சோதனை ஒரு முகத்தை அடையாளம் காண்பதைப் பற்றியது, வரைவதைப் பற்றியது அன்று. நேரம் முக்கியம் என்ற ஒரு செய்தியை மட்டும் அதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன், அதுவும் என் மேசையில் நான் கண்டதோடு ஒத்துப்போவதால்.

இதைப் போலவே, எழுதுவது இடது மூளை, வரைவது வலது மூளை, இரண்டும் ஒரே நேரத்தில் ஓடா என்ற விளக்கமும் உங்களுக்குக் கிடைத்திருக்கலாம். மூளையின் இரு பாதிகளைப் பிரித்து ஆராய்ந்த ரோஜர் ஸ்பெரிக்கு 1981-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஆய்வுகளை அடிப்படையாக வைத்து ஓவிய ஆசிரியை பெட்டி எட்வர்ட்ஸ் 1979-இலேயே ஒரு பயிற்சி நூல் எழுதிவிட்டார், அது உலகெங்கும் பரவியது. படைப்பாற்றல் மூளையின் ஒரு பாதியில் மட்டும் குடியிருக்கிறது என்ற எளிய கணக்கை இன்றைய நரம்பியலாளர்கள் ஏற்பதில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த நூலில் சொல்லப்பட்ட பயிற்சி வேலை செய்கிறது! ஒரு கோட்டோவியத்தைத் தலைகீழாக வைத்துப் பார்த்து வரைந்தால், தொடக்கநிலை மாணவர்கள்கூட நேராக வைத்து வரைவதைவிட நன்றாக வரைந்துவிடுகிறார்கள். நான் வகுப்பெடுத்த சில ஆண்டுகளில் இதைப் பலமுறை கண்டிருக்கிறேன். காரணம் மூளையின் எந்தப் பக்கமோ, எனக்குப் பட்டது இதுதான்: தலைகீழான கையைப் பார்த்து ‘கை’ என்று உடனே சொல்ல வராததால், மாணவர் கோட்டைப் பார்க்க வேண்டியதாகிறது.

உங்கள் ஐயத்துக்கு இரண்டு பெரிய ஓவியர்களின் வாழ்க்கையே வெவ்வேறு திசைகளிலிருந்து பதில் சொல்கிறது. ஒருவர் இரவீந்திரநாத் தாகூர். வாழ்நாள் முழுவதும் சொல்லோடு வாழ்ந்த அவர், அறுபது வயதைத் தாண்டிய பிறகே ஓவியத்துக்குள் முழுமையாக வந்தார். வந்த வழியும் எழுத்துதான். கையெழுத்துப் படியில் வேண்டாத வரிகளை அடிப்பார், அடித்தவற்றை ஒன்றோடொன்று கோட்டால் இணைப்பார், இணைந்தவை பறவையாகவும் முகமாகவும் பெயரில்லாத விலங்காகவும் எழுந்து நிற்கும். 1924-இல் அர்ஜென்டினாவில் தங்கியிருந்தபோது அந்நாட்டு எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போ அந்தக் கையெழுத்துப் படியின் பக்கங்களைப் பார்த்து வியந்தார். 1930-இல் பாரிஸில் தாகூரின் முதல் ஓவியக் காட்சி நடக்கவும் ஒகாம்போவே துணை நின்றார். தாகூர் ஏறத்தாழ இரண்டாயிரம் படங்களை விட்டுச் சென்றார். அவருக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரிந்து தெரியாமல் இருந்திருக்கலாம், அதுவே அவருடைய வண்ணங்களுக்குக் காரணம் என்றும் சிலர் எழுதியிருக்கிறார்கள். அது ஊகம் என்ற அளவிலேயே நிற்கட்டும். ஊகமில்லாத செய்தி ஒன்றுதான் நமக்குத் தேவை. இத்தனை சொற்களுக்குச் சொந்தக்காரரான அவர், தம் படங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தலைப்பே வைக்கவில்லை. சொல்லைத் துறந்ததால் அவர் வரைந்தார் என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது, ஏனென்றால் அதே ஆண்டுகளில் எழுதிக்கொண்டும் இருந்தார். அடித்த வரியிலிருந்து கோடு பிறந்தது, பிறந்ததற்குப் பெயர் சூட்டாமல் விட்டார், அவ்வளவுதான்.

இன்னொருவர் எங்கள் கல்லூரியின் முதல்வராக 1957 முதல் 1967 வரை இருந்த கே.சி.எஸ். பணிக்கர். நான் சேர்ந்தபோது அவர் மறைந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன; ஆனால் அவருடைய பேச்சு தாழ்வாரங்களில் நின்றபாடில்லை. 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமம் உருவாக முன்னின்றவர் அவர். 1963-இல் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசையைத் தொடங்கினார். தாகூர் எழுத்திலிருந்து படத்துக்கு வந்தாரென்றால், பணிக்கர் படத்திலிருந்து எழுத்துக்குள் போனார்: சாதகக் கட்டங்கள், அட்டவணைகள், நுணுக்கி நுணுக்கி எழுதிய வரிகள், இடையிடையே பறவை, பாம்பு, மனித உரு. முதன்முதலாக அந்தப் படத்தின் முன் நிற்பவர் அருகில் போய்ப் படிக்க முயல்வார். மலையாளம் போலத் தோன்றும், ஆனால் படிக்க வராது. எழுத்தின் ஒழுங்கும் நெருக்கமும் அதில் உண்டு, பொருள் மட்டும் கிடையாது. நான் ஒருமுறை அதன் முன் அரை மணி நேரம் நின்றேன். பழைய சாதகக் கட்டுகளையும் ஓலைச் சுவடிகளையும் எனக்குப் படிக்கத் தெரியாத சிறுவயதில் பார்த்ததைப் போன்ற ஓர் உணர்வு வந்தது. படிக்கத் தெரிந்த பிறகு எழுத்தின் உருவம் நம் கண்ணில் படுவதே இல்லை அல்லவா? அதை அவர் திருப்பிக் கொடுத்தார். இது என்னுடைய வாசிப்பு மட்டுமே; அவருடைய படங்களைத் தாந்திரிக மரபோடு சேர்த்துப் பேசுபவர்களும் உண்டு.

இனி உங்கள் இரண்டாவது கவலை. கண்ணை மூடினால் காட்சி தெரியாதது ஒரு குறை அன்று, அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். 1880-இலேயே ஆங்கில அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன், அன்று காலை உணவுண்ட மேசையை மனத்தில் கொண்டுவந்து பாருங்கள் என்று பலரைக் கேட்டு, சிலருக்கு ஒன்றுமே தெரிவதில்லை என்று வியந்து எழுதினார். 2015-இல் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தின் நரம்பியலாளர் ஆடம் ஜீமன் அந்த நிலைக்கு ‘அஃபான்டேசியா’ என்று பெயரிட்டார். டிஸ்னியின் புகழ்பெற்ற கடற்கன்னிப் பாத்திரமான ஏரியலை வரைந்த அசைவோவியர் கிளென் கீன், தமக்கு மனக்காட்சி கிடையாது என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். வரைய வரையத்தான் அவருக்கு உரு தெரியவருகிறது. உங்களுக்கும் இந்த நிலை இருக்கிறதா என்று ஒரு பத்தியை வைத்து நான் சொல்ல மாட்டேன். மங்கலாகத் தெரிவதும் அறவே தெரியாததும் வேறு வேறு. நான் சொல்ல விரும்புவது, மனத்தில் முழுப் படம் தெரிந்து அதைப் பார்த்து நகலெடுப்பதுதான் ஓவியம் என்ற எண்ணமே தவறு என்பதுதான். எனக்கும் அப்படித் தெரிவதில்லை. ஓர் எடையும் ஒரு சாய்வும் மட்டும் தெரியும், மற்றவற்றை நிப்புதான் கண்டுபிடிக்கும். கதையும் அப்படித்தான், முதல் வாக்கியத்தை எழுதும்வரை மூன்றாவது வாக்கியம் எங்கும் இருப்பதில்லை. ‘எழுதுங்கால் கோல்காணாக் கண்ணேபோல்’ என்று ஒரு குறள், புணர்ச்சி விதும்பல் அதிகாரத்தில் வருகிறது. மை எழுதும்போது கண் அந்தக் கோலையே காண்பதில்லையாம். கணவனைக் கண்டதும் அவன் குற்றம் தெரியாமல் போவதைச் சொல்ல வந்த உவமை அது, ஆனால் என் தொழிலை இவ்வளவு சரியாகச் சொன்ன வரி வேறொன்று எனக்குக் கிடைக்கவில்லை.

நடைமுறைக்கு வருகிறேன். எழுதும் வாரத்தில் படம் வற்றுவது ஏன் என்று கேட்டீர்கள். ஒரு காட்சியைக் கதையில் எழுதி முடித்த பிறகு அதையே வரைய உட்கார்கிறீர்களோ என்று ஐயப்படுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சிறுகதைக்குப் படம் போட்டேன்; மகனை வழியனுப்பிய தாய் வாசலில் நின்று அழுதாள் என்று கதையில் இருந்தது, நானும் வாசலில் நின்று அழும் தாயைக் கண்ணீர்த் துளியோடு வரைந்து கொடுத்தேன். அங்கே லேஅவுட் செய்துகொண்டிருந்த மூத்தவர் ஒருவர் அதைக் கையில் வாங்கி, ‘தம்பி, அதைத்தான் அவரே எழுதிட்டாரே, நீ எதுக்கு மறுபடி எழுதறே?’ என்றார். அன்று மாலைக்குள் மாற்றி வரைந்தேன்: திண்ணை, அதன்மேல் பாதி குடித்த காப்பி டம்ளர், கழற்றி வைத்த செருப்பு இருந்த இடத்தில் மண்ணில் பதிந்த தடம். தாயின் கை மட்டும் ஓரத்தில். அந்தப் படம் சிறந்தது என்று சொல்ல மாட்டேன், தடம் அச்சில் சரியாக விழாமல் வெறும் கறையாகப் போய்விட்டது. ஆனாலும் எதை எழுத்து எடுத்துக்கொண்டுவிட்டதோ அதைப் படம் தொடக் கூடாது என்ற புத்தி அன்றுதான் வந்தது.

ஆகையால் சில காலத்துக்கு இப்படிச் செய்து பாருங்கள். படம் வரையும் நாளில் முதல் இருபது நிமிடங்களுக்கு, வரைவது என்னவென்று உங்களுக்குள்ளேயே சொல்லிக்கொள்ளாமல் வரையுங்கள். சொல் தானாக வந்தால் அளக்கும் சொல்லாக மாற்றிக்கொள்ளுங்கள். முடித்த பிறகு அதே பக்கத்தின் கீழே, உங்கள் கை எதிர்பாராமல் கண்டுபிடித்தது எதுவோ அதை மட்டும் இரண்டு வரி எழுதுங்கள். படத்தை விவரிக்க வேண்டாம். அந்த இரண்டு வரிகளிலிருந்து கதை தொடங்குவது எனக்குச் சிலமுறை நடந்திருக்கிறது. உங்களுக்கும் நடக்கும் என்று உறுதி தர முடியாது. கதை எழுதும் வாரத்திலோ, கதையில் வராத பொருள்களை வரையுங்கள், வேண்டுமென்றே தொடர்பில்லாதவற்றை: மிதிவண்டிச் சங்கிலி, உரித்த பூண்டு, எதுவானாலும். முழுப் படமாக முடிக்காதீர்கள். நெடுநல்வாடையில் அணிகலன் களைந்து கிடக்கும் அரசியைப் ‘புனையா ஓவியம்’ என்கிறார் புலவர்; வண்ணமேற்றாத கோட்டுச் சித்திரம் என்று உரையாசிரியர் அதை விளக்குவார். அந்த நிலையிலேயே நிறுத்திவிட்டால் கைப்பழக்கமும் விடாது, எழுத்துக்கு வேண்டிய மனமும் செலவாகாது. இரண்டையும் ஒரே நாளில் முழு வேகத்தில் செய்பவர்கள் இருக்கக்கூடும், நான் அவர்களில் ஒருவன் அல்லன்.

உங்கள் கதைக்கு நீங்களே படம் போடலாமா என்றும் போகிற போக்கில் கேட்டிருந்தீர்கள். போடலாம், ஆனால் ஒருமுறையாவது வேறொருவரிடம் கொடுத்துப் பாருங்கள். என் கதை ஒன்றை ஓர் இளைஞரிடம் கொடுத்தேன். கிணற்றடியில் நடக்கும் சண்டைதான் கதை, அதைத்தான் வரைவார் என்று நினைத்திருந்தேன். அவர் சண்டையை வரையவில்லை. நான் அரை வரியில் எழுதிவிட்டு மறந்துபோன ஓர் ஆட்டுக்குட்டியை, கிணற்றுச் சுவரின் மேல் முன்னங்காலைத் தூக்கி வைத்து உள்ளே எட்டிப் பார்ப்பதாக, பக்கம் முழுவதும் வரைந்திருந்தார். அச்சுக்குப் போவதற்கு முன் கதையின் கடைசிப் பத்தியை நான் திருத்தி எழுதிக் கொடுத்தேன்.